சாரீரம் உள்ள ஒயின்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்குச் சென்னை வந்தபோது, கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் போர்ச்சுகல் நாட்டு வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டு லிட்டர் வரை மதுவைச் சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால், பெட்டிக்குள் வேட்டிக்கும் துவாலைக்கும் நடுவே அப்படி இரண்டு பாட்டில்கள் பயணம் செய்திருந்தன. நண்பன் எதையும் படித்துப் பார்க்காமல் வாயில் வைக்கிறவன் அல்லன். பாட்டிலின் பின்பக்கத் தாளில் இருந்த போர்ச்சுகீசிய வரிகளைக் கைப்பேசியால் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டான். “என்கோர்ப்பாது” என்பது அந்தச் சொல். கைப்பேசி அதற்கு “உடல் நிறைந்த” என்று தமிழ் சொன்னது. “ஏன்டா, ஒயினுக்கு உடம்பு எங்கேடா இருக்கு?” என்று கேட்டான். அந்த நாட்டில் அப்போது மூன்று ஆண்டுகளைக் கழித்திருந்தேன். அந்தச் சொல்லை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பேன். பொருள் தெரியும் என்றே நினைத்திருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழில் ஒன்றும் வரவில்லை. “கெட்டியா இருக்கும்” என்றேன். அவன் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தண்ணி மாதிரிதானே ஆடுது? நீ முதல்ல பொருளைச் சொல்லு, அப்புறம் திறக்கிறேன்” என்று ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அதைப் படுக்க வைத்துவிட்டான்.

கேள்வி என்னை விடவில்லை. அதற்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டும் காரணம் இல்லை. உண்மையில் வெள்ளை ஒயினைப் பற்றி எனக்கே அப்போது உயர்ந்த எண்ணம் கிடையாது. சிவப்பு ஒயினில் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கிறது, நிறம் கண்ணை நிறைக்கிறது, ஏதோ ஒன்றைக் குடித்தோம் என்று தெரிகிறது. வெள்ளை என்பது வெயிலுக்கு எலுமிச்சைச் சாறு குடிப்பதுபோல நன்றாகக் குளிரவைத்துத் தொண்டைக்குள் இறக்கிவிட வேண்டியது என்பதே என் கட்சியாக இருந்தது. போர்ச்சுகலில் நான் முதலில் குடித்த வெள்ளை ஒயின்களும் அந்தக் கட்சிக்கே வலுச் சேர்த்தன. வடமேற்கு மூலையில், மின்யு பகுதியில் செய்யப்படும் வின்யு வெர்த் என்னும் இளம் ஒயின்களில் பெரும்பாலானவை மெலிந்தவை, லேசாக நுரைப்பவை, ஆல்ககால் குறைந்தவை. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆகஸ்டு மாத மதியத்தில், சுட்ட மத்தி மீனோடு, அதைவிடப் பொருத்தமானது ஒன்றில்லை. ஆனால் அவற்றுக்கு உடம்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நானும் நண்பனைப் போலத்தான் சிரித்திருப்பேன். அப்படியிருக்க, உடன் பணிபுரியும் பெண்மணி ஒருவர் தம் குடும்பத் தோட்டத்து ஒயின் என்று சொல்லிக் கொடுத்த இரண்டு பாட்டில்களை, சுவைத்துக்கூடப் பார்க்காமல் ஊருக்குத் தூக்கி வந்து, அதன் தாளில் இருந்த ஒரு சொல்லுக்கு நான் பொறுப்பாளி ஆகிவிட்டேன்.

கெட்டி, கனம், திக்கு

நம் ஊரில் மதுவின் சுவையைப் பற்றிப் பேசுவதே குடிப்பதற்குச் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொள்ளப்படும். அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. அளவைச் சொல்ல குவார்ட்டர், ஆஃப் என்று சொற்கள் இருக்கின்றன, போதையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் இருக்கிறது, மறுநாள் தலைவலிக்கும் இருக்கிறது. வாயில் இருந்த அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் சொல் இல்லை. கிறித்தவ நண்பர்கள் வீட்டில் வேதாகமத் தமிழில் திராட்சரசம் என்பார்கள்; அந்த ஒரு சொல்தான் போதையை விட்டுவிட்டுப் பழத்தையும் சாற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆனாலும் தமிழனுக்கு நீர்ப்பொருளின் கனத்தைப் பற்றிப் பேச வராது என்று சொன்னால் அது பொய். டிகாக்‌ஷன் திக்காக இருக்க வேண்டும். பால் கெட்டியாக இருக்க வேண்டும். மோர் நீர்க்க இருந்தால் வீட்டுக்காரருக்கு மனம் இல்லை என்று பொருள். குழம்பு தண்ணீராக ஓடினால் சமைத்தவர் காதில் விழும்படியே சொல்லிவிடுவோம். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒயினுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றும் உட்காரவில்லை. இவை எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய கனம்; கரண்டியில் ஒட்டும், இலையில் ஓடாமல் நிற்கும். ஒயினோ எவ்வளவு “உடம்பு” உள்ளதாக இருந்தாலும் கோப்பையில் தண்ணீரைப் போலத்தான் ஆடும். நண்பன் சரியாகவே பார்த்திருந்தான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு காணொளி அனுப்பினான். ஏதோ ஒரு விருந்தில் ஒயின் கோப்பையைச் சுழற்றுகிறார்கள். உள்சுவரில் துளிகள் திரண்டு கோடு கோடாக வழிகின்றன. அது கனமான ஒயினுக்கு அடையாளம் என்று பின்னணியில் ஒருவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். “உடம்பு கிடைச்சிடுச்சு” என்று எழுதியிருந்தான். போர்ச்சுகீசியரும் அந்தக் கோடுகளை லாக்ரிமா, அதாவது கண்ணீர் என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணீருக்குக் காரணத்தை ஜேம்ஸ் தாம்சன் என்னும் பொறியியலாளர் 1855இலேயே சொல்லிவிட்டார். இவர் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணன். கோப்பைச் சுவரில் படிந்த மெல்லிய படலத்திலிருந்து ஆல்ககால் விரைவாக ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவதில் தண்ணீரின் பங்கு கூடுவதால் அதன் பரப்பு இழுவிசையும் கூடுகிறது. அது கீழே உள்ள ஒயினை மேலே இழுத்துத் திரட்டி, பாரம் தாங்காதபோது கீழே விடுகிறது. ஆகவே அந்தக் கோடுகள் ஆல்ககால் இருப்பதைச் சொல்லுமே தவிர வேறொன்றையும் சொல்லா. கிளிசரால்தான் ஒயினைக் கனமாக்குகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதும் இப்படித்தான். இனிப்பில்லாத ஒயினில் அது பெரும்பாலும் லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் வரைதான் இருக்கும். நாக்கு அதை ஒரு கெட்டித்தன்மையாக உணர ஏறத்தாழ 25 கிராம் வேண்டும். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். “அப்ப உடம்பு இல்லைன்னு ஒத்துக்கோ” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மலைகளுக்கு நடுவே ஒரு சாது

அடுத்து வந்த ஜனவரியில், உடன் பணிபுரியும் அந்தப் பெண்மணி தம் அம்மாவின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப் போனார். நான் வசிக்கும் கோயிம்ப்ரா நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், நேலாஷ் என்னும் சிற்றூருக்கு அருகே அந்தத் தோட்டம் இருக்கிறது. பகுதியின் பெயர் தாவோ. சீனத் தத்துவத்துக்கும் இதற்கும் உறவில்லை, இது மொண்டேகு ஆற்றில் கலக்கும் ஒரு கிளையாற்றின் பெயர். சுற்றிலும் மலைகள். மேற்கே கரமூலு மலை அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. தென்கிழக்கே 1,993 மீட்டர் உயரமுள்ள செர்ரா த எஷ்த்ரேலா, அந்நாட்டுப் பெருநிலத்தின் மிக உயர்ந்த மலை, பனி போர்த்திக்கொண்டு நிற்கிறது. திராட்சைத் தோட்டம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை வரிசையாகக் கொடிகள் என்று படங்களில் பார்த்துப் பழகியவருக்கு இந்த இடம் ஏமாற்றமாக இருக்கும். பைன் மரக்காடு, பாறை, முட்டைகோஸ் பாத்தி, நடுவில் ஒரு துண்டுத் தோட்டம், மறுபடியும் காடு. மண் என்று பெயர்தான். கருங்கல் பொடிந்த மணல் அது. மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும்.

அவர்கள் வீட்டுத் தோட்டத்தைக் கிந்தா என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாளிகையும் குதிரை லாயமும் நினைவுக்கு வரத் தேவையில்லை. கருங்கல் வீடு ஒன்று, அதன் கீழ்த்தளத்தில் ஒயின் கூடம், பின்னால் ஏழு ஹெக்டேர் கொடிகள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு ஹெக்டேரின் பழம் அந்தக் குடும்பத்தின் பெயரில் பாட்டிலுக்குள் போகத் தொடங்கியது தொண்ணூறுகளில்தான். அதற்கு முன் அரை நூற்றாண்டு என்ன நடந்தது என்பதில்தான் இந்த ஒயினின் கதை இருக்கிறது. தாவோ 1908இலேயே எல்லை வரையறுக்கப்பட்ட ஒயின் பகுதி. பிறகு சலசார் ஆட்சி வந்தது. சலசார் அதே பகுதியில், சாந்தா கோம்பா தாவோ ஊரை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவர். கோயிம்ப்ராவில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, 1932 முதல் 1968 வரை நாட்டைத் தம் பிடியில் வைத்திருந்தவர். அவருடைய ஆட்சியில், 1940களில், பிறரிடமிருந்து திராட்சை வாங்கி ஒயின் செய்யும் உரிமை கூட்டுறவு ஆலைகளுக்கே உரியது என்று ஆனது. சிறு விவசாயிகள் வண்டியில் பழத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எடைக்குப் பணம் வாங்கினார்கள். எந்தச் சரிவில் விளைந்தது, எந்த வகை என்ற கேள்வியே இல்லாமல் எல்லாம் ஒரே தொட்டியில் கலந்தது. 1986 ஜனவரி முதல் நாளில் போர்ச்சுகல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகே அந்த ஏகபோகம் உடைந்தது. மங்குவால்த் அருகிலுள்ள ரோக்கிஷ் தோட்டம், மலையடிவாரத்துப் பெலாதா தோட்டம் போன்ற குடும்பத் தோட்டங்கள் அடுத்த பத்தாண்டுகளில் பெயர் பெற்றதும், நான் போன வீடு போன்ற சிறிய இடங்கள் துணிந்ததும் அதனால்தான்.

அப்படித் தனியாகச் செய்து பார்த்தபோதுதான் என்க்ருசாது என்னும் வெள்ளைத் திராட்சையின் அருமை வெளியே பரவலாகத் தெரிந்தது. நேலாஷில் 1940களில் தொடங்கிய அரசு ஆய்வு நிலையத்தில் சிறு அளவில் செய்த ஒயின்கள் பல பத்தாண்டுகள் தாங்கியதை அங்கிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். கடைக்கு வந்து வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? பெயர் “சாது” என்று முடிவது தற்செயல்தான், ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது பொருத்தமாகவே படுகிறது. பழத்தைக் கடித்தால் பெரிய மணம் ஒன்றும் கிடையாது. புதிதாகச் செய்த ஒயினிலும் மணம் ஒதுங்கித்தான் நிற்கும். காற்றுப் பட்டால் எளிதில் நிறம் மாறிக் கெடும் குணமும் உண்டு. வெயில் ஏறினாலும் புளிப்பைச் சட்டென்று இழந்துவிடாது என்பதுதான் அதன் பலம். சர்க்கரை முற்றும்வரை கொடியில் விட்டுவைக்கலாம், ஒயின் சோர்ந்து போகாது. மற்றதெல்லாம் கூடத்துக்குள் நடக்க வேண்டியது.

மூன்று கோப்பைகள்

அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கம்பளிச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஷாவ்” எங்கே என்று மகளிடம் கேட்டார். மகள் சாவியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே போனதும் “ஜனெலா”வைத் திறக்கச் சொன்னார். நான் ஜன்னலைத் திறந்தேன். “கோப்பு” மூன்று கொண்டுவரச் சொன்னார், கோப்பைகள் வந்தன. மூலையில் வரிசையாக நின்றவை “பிப்பா”க்கள். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைக்கு வந்து இறங்கிய சொற்கள் தங்கள் சொந்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பீப்பாய் என்பது நமக்கு ஒரு பாத்திரம். வடக்கே தோரு பள்ளத்தாக்கில் அது ஓர் அளவும்கூட, ஒரு பிப்பா என்றால் 550 லிட்டர். இவர் வீட்டுப் பீப்பாய்கள் ஏறத்தாழ அந்த அளவே இருந்தன. ஓக் மரம் பழசு. புது மரத்தின் வனிலா வாசனை எல்லாம் எப்போதோ போயிருந்தது. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. உடம்பு உள்ள வெள்ளை ஒயின் என்று கடைகளில் விற்பதில் ஒரு பங்கு, புது மரத்தின் வாசனையைப் பூசிக்கொண்டு, தேவையில்லாமல் கனத்த பாட்டிலுக்குள் உட்கார்ந்திருப்பவை. விலையும் அதற்கேற்ற கனம். எனக்கு அவை பவுடர் அப்பிய முகத்தைத்தான் நினைவுபடுத்துகின்றன.

செப்டம்பரில் பறித்த பழம், ஒரே சரிவு. பிழிந்த சாற்றில் பாதியை எஃகுத் தொட்டியிலும் பாதியைப் பீப்பாய்களிலும் நொதிக்க விட்டிருந்தார். இரண்டிலும் ஆல்ககால் 13 சதவீதம். குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். தொட்டியில் நொதித்து முடிந்ததும் அடியில் தங்கிய கசடை நீக்கிவிட்டார். பீப்பாயில் நீக்கவில்லை. அந்தக் கசடு என்பது வேலை முடித்து இறந்துபோன ஈஸ்ட். அவர்கள் அதை போர்ரா என்கிறார்கள். நீண்ட கோலின் நுனியில் ஒரு சிறு சங்கிலி கட்டியிருந்தது. அதைப் பீப்பாயின் வாய்க்குள் விட்டு, தயிர் கடைவதுபோல அல்லாமல், அடியைத் தடவித் தூக்குவதுபோல மெதுவாகச் சுழற்றினார். வாரம் ஒருமுறை, வசந்தம் வரை இப்படிச் செய்வாராம். என்னிடமும் கோலைக் கொடுத்தார். அடியில் ஏதோ மெத்தென்று தடுத்து, பிறகு விட்டுக்கொடுத்தது.

முதல் கோப்பையில் தொட்டி ஒயின். தெளிவாக, வெளிறிய நிறத்தில், எலுமிச்சைப் பூவின் வாசனையோடு, நான் எதிர்பார்த்த வெள்ளை ஒயினாகவே இருந்தது. இரண்டாவது, அப்போதுதான் கலக்கிய பீப்பாயிலிருந்து உறிஞ்சி எடுத்தது. கழுநீர் போலக் கலங்கியிருந்தது. குடித்துவிட்டு, இது கனமாக இருக்கிறது, உடம்பு என்பது இதுதானா என்று கேட்டேன். அம்மாள் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2001இல் பிரான்சின் போர்தோ (Bordeaux) பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். கலங்கலைப் பார்த்த என் கண்ணே கனம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது கோப்பைக்காகத்தான் அவர் என்னை வரச் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. முந்தைய வாரம் அதே பீப்பாயிலிருந்து ஒரு சிறு குப்பியில் எடுத்து, மூடி, ஜன்னலுக்கு வெளியே குளிரில் வைத்திருந்தார். கசடு முழுவதும் அடியில் தங்கிவிட்டது. அசைக்காமல் மேலோட்டமாக வடித்து ஊற்றினார். முதல் கோப்பைக்கும் மூன்றாவதற்கும் கண்ணுக்கு வேறுபாடே இல்லை. இரண்டும் தெளிவு, இரண்டும் கோப்பையில் ஒன்றுபோலவே ஆடின. வாயில் வைத்தேன். முதலாவது நாக்கின் நடுவில் நேர்கோடாக ஓடி மறைந்திருந்தது. இது ஓடவில்லை. கன்னத்தின் உட்புறம் வரை பரவி, எங்கோ பின்னால் சற்று நின்று, விழுங்கிய பிறகும் அந்த இடத்திலேயே இருந்தது. துவர்ப்பு இல்லை, இனிப்பு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. புளிப்பு இருந்தது, ஆனால் குத்தவில்லை. அதன் கீழே ஏதோ தாங்கிப் பிடித்திருந்தது. ஒரே பழம், ஒரே ஆல்ககால், ஒரே தெளிவு. இடையில் நடந்தது நான்கு மாதம் மண்டியோடு கிடந்தது மட்டும்தான்.

மண்டி என்ற சொல் என் மனத்தில் வந்தது அப்போதுதான். அதுவரை கசடு, வண்டல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பாட்டி ரசம் ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: “தெளிவா ஊத்தட்டுமா, கலக்கி ஊத்தட்டுமா?” அப்பாவுக்குக் கலக்கி, எனக்குத் தெளிவு. தெளிவு என்றால் தண்ணீர் என்று பொருளில்லை என்பது ரசம் குடித்த எல்லோருக்கும் தெரியும். மிளகும் சீரகமும் பருப்பும் அடியில் கிடந்து, தங்களிடம் இருந்ததையெல்லாம் மேலே இருப்பதற்குக் கொடுத்துவிட்ட பிறகு வருகிற தெளிவு அது. வெந்நீரில் புளியையும் உப்பையும் கரைத்து வடிகட்டிக் கொடுத்தால் அதுவும் பார்வைக்குத் தெளிவுதான், யாரும் ரசம் என்று சொல்ல மாட்டார்கள். பீப்பாய்க்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். இறந்த ஈஸ்ட்டின் சுவர் மெல்ல மெல்லச் சிதைகிறது. அதிலிருந்து மேனோபுரதங்கள் என்னும் புரதமும் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்த பெரிய மூலக்கூறுகள் ஒயினில் கரைகின்றன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, வாய்க்குத் தெரிகின்றன. அதே மண்டி, ஒயினில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்வதால், எளிதில் கெடும் என்க்ருசாதுவுக்கு அது காவலாகவும் ஆகிறது. பிறகு யோசித்தால், புளிக்கும் திராட்சைக்கும் வேறோர் உறவும் இருக்கிறது. பழங்களில் பொதுவாக இருப்பது சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும்தான். டார்டாரிக் அமிலத்தை இவ்வளவு தாராளமாக வைத்திருப்பவை திராட்சையும் புளியும். பாட்டியின் ஈயச்சொம்பிலும் இந்த அம்மாளின் பீப்பாயிலும் புளித்தது ஒரே அமிலம்.

அம்மாளிடம் இதைச் சொல்ல முயன்றேன். புளி, ரசம், ஈயச்சொம்பு எல்லாவற்றையும் என் போர்ச்சுகீசியத்தில் விளக்கி முடிப்பதற்குள், அவர் செம்மறியாட்டுப் பாலில் செய்த மலைப்பகுதிப் பாலாடைக்கட்டியை வெட்டி வைத்துவிட்டார். விலங்கின் குடலிலிருந்து எடுக்கும் உறைபொருளுக்குப் பதிலாக ஒரு முட்செடியின் பூவைப் போட்டு அதை உறைய வைக்கிறார்கள். உள்ளே கரண்டியால் அள்ளும் பதத்தில் இருக்கும். கோப்பை கையில் இருந்த நேரத்தில் ஒயினும் சற்றுக் குளிர் விட்டிருந்தது. கூடத்தின் குளிரில் வாய்க்குள் மட்டும் தெரிந்தது இப்போது மூக்குக்கும் தெரிந்தது. இதை நாங்கள் 12 பாகை வெப்பத்தில் குடிப்போம், உணவகங்களில் ஐஸ் வாளிக்குள் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள் என்று மகள் குறைப்பட்டுக்கொண்டார். நான் இத்தனை நாளும் வெள்ளை ஒயினை எந்த வெப்பத்தில் குடித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

பழைய பேராலயத்துக்குக் கீழே

இருந்தாலும் நண்பன் கேட்ட சொல் கிடைக்கவில்லை. மண்டி காரணத்தைச் சொல்கிறது; விளைவுக்குப் பெயர் வேண்டும். கனம் என்றால் சுமை ஆகிவிடுகிறது. திண்மை என்றால் பள்ளிக்கூடத்து இயற்பியல். செறிவு என்பது பக்கத்தில் வந்தது, ஆனால் அது ஆல்ககாலுக்கும் பொருந்தும், சாயத்துக்கும் பொருந்தும்.

அதே ஆண்டு மே மாதம், கோயிம்ப்ராவில் சே வெல்யா என்னும் பழைய பேராலயத்துக்குக் கீழே இறங்கும் ஒரு சந்தில் நடந்துகொண்டிருந்தேன். கறுப்பு அங்கி போர்த்திய மாணவர்கள் சிலர் கித்தார்களோடு நின்று ஃபாது என்னும் அந்நாட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். லிஸ்பனில் அந்தப் பாட்டைப் பெண்களும் பாடுவார்கள். கோயிம்ப்ராவின் மரபில் அது ஆண்களின் பாட்டு. ஒலிபெருக்கி இல்லை. முதலில் பாடிய பையனுக்கு நல்ல உச்சம், நல்ல சத்தம், சந்தின் மறுமுனை வரை கேட்டது. அடுத்தவன் அவனைவிடத் தாழ்ந்த குரலில்தான் தொடங்கினான். ஆனால் அவன் வாயைத் திறந்ததும் சந்து நிறைந்ததுபோல் இருந்தது. கல் சுவர்கூட அந்தக் குரலுக்குப் பக்கவாத்தியம் ஆனது. என்னை அறியாமல், கச்சேரிகளில் என் அப்பா பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து சொல்லும் வாக்கியம் என் வாயில் வந்தது: “என்ன சாரீரம்!”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். சாரீரம். சரீரத்திலிருந்து பிறந்த சொல். குரலுக்கு உடம்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அந்த உடம்பின் பெயரையே குரலுக்கு வைத்துவிட்டு, அதைப் பற்றி யாரும் வியப்படையாமல் காலங்காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கனத்த சாரீரம், மெல்லிய சாரீரம், சாரீரம் கட்டியிருக்கிறது, சாரீரம் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் எங்கேயும் கண்ணுக்குத் தெரிவதில்லை, கரண்டியில் ஒட்டுவதில்லை, ஆனாலும் இந்தச் சொற்களில் எதுவும் நமக்குப் புரியாமல் போவதில்லை. சத்தம் வேறு, சாரீரம் வேறு என்பதும் நமக்குத் தெரியும். ஒயினில் ஆல்ககாலும் புது மரத்து வாசனையும் பெரும்பாலும் சத்தம்தான். ஆல்ககால் கூடினால் நாக்கு கொஞ்சம் கனத்தை உணரும் என்பது உண்மையே. ஆனால் 13 சதவீதத்தில் நின்ற இரண்டு கோப்பைகளில் ஒன்று ஓடி மறைந்ததையும் மற்றொன்று வாயை நிறைத்ததையும் நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். கோர்ப்பு என்னும் உடலிலிருந்து அவர்கள் என்கோர்ப்பாதுவை உண்டாக்கினார்கள். நாம் அதே வேலையை ஒயினுக்குச் செய்யாமல் பாட்டுக்குச் செய்து வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்காமல், சந்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து நண்பனுக்கு எழுதினேன்: “என்கோர்ப்பாது என்றால் சாரீரம் உள்ளது. பாட்டிலைத் திற. குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடு.”

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தான். அரை மணி நேரம் எல்லாம் காத்திருக்கவில்லை. எடுத்தான், திறந்தான், ஊற்றினான். “முதல் கோப்பை லெமன் ஜூஸ்தான்டா. உன்னை நாலு வார்த்தை திட்டலாம்னு போனை எடுத்தேன், கரண்ட் போயிடுச்சு.” மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள், அவனும் அவன் மனைவியும் பாட்டிலும். அக்கினி நட்சத்திரம் முடிந்திராத சென்னை இரவு. பேச்சு எங்கெங்கோ போய், அடுத்த கோப்பையை ஊற்றுவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். “அது வேற பாட்டில் மாதிரி இருந்துச்சு” என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தொண்டை திறந்துக்கிச்சுன்னு சொல்லலாமா?” என்று கேட்டான். சொல்லலாம் என்றேன்.

“இன்னொண்ணு. அடியில கல்கண்டுத் தூள் மாதிரி கொஞ்சம் கிடந்துச்சு. கெட்டுப் போச்சோ?”

கெடவில்லை, ஓர் ஆண்டு ஃபிரிட்ஜ் குளிரில் கிடந்ததால் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்திருக்கிறது, நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன்.

“அப்ப ரசம்தான்னு சொல்லு” என்றான். “நான் அதையும் கலக்கிக் குடிச்சிட்டேன்.”